கரையில் அடுப்பு மூட்டியவர்

(பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறன்று வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)

  

இன்றைய நற்செய்தி நம்மைத் திபேரியக் கடலோரத்திற்கு அழைத்துச் செல்கிறது. பேதுரு மீன்பிடிக்கக் கிளம்புகிறார். அவரோடு இன்னும் ஆறு பேர் படகில் ஏறுகிறார்கள். இரவு முழுவதும் பாடுபட்டும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. விடியும் நேரத்தில் கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்னபடி படகின் வலப்பக்கம் வலை வீசுகிறார்கள். இழுக்க முடியாத அளவுக்கு மீன்கள். எண்ணிப் பார்த்தால் 153.

இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் நம் கண் அந்த 153 மீன்களின் மேல்தான் போய் நிற்கிறது. ஆனால் யோவான் இன்னொன்றையும் கவனித்து எழுதியிருக்கிறார். சீடர்கள் கரை ஏறியபோது அங்கே ஏற்கெனவே கரியடுப்பு மூட்டப்பட்டிருந்தது. அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. படகில் இருந்தவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கரையில் ஒருவர் அவர்களுடைய பசியை நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த அடுப்பைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம். அதற்குமுன் உங்களை ஒரு பாலைநிலத்திற்கு அழைத்துச் செல்கிறோம்.

சென்ற ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பள்ளி விடுமுறையில் ஒரு வேனில் நாங்கள் ஐந்து பேர் பயணம் போனோம். ஃபீனிக்ஸ் நகரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த ஒரு தந்தை, தாய், பதினேழு வயது மகள், பத்து வயது மகன். ஐந்தாவது ஆள், அந்தப் பங்கில் உதவிக் குருவாய் இருந்து இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருப்பவர். இங்கே சொல்லப்போவது அந்தக் குடும்பத்தாரின் முழுச் சம்மதத்தோடு சொல்லப்படுகிறது. "எங்கள் கதையால் ஒரு வீட்டிலாவது காலை உணவு ஒழுங்காக நடந்தால் சொல்லுங்கள் ஃபாதர்" என்றுதான் அந்தத் தாய் அனுமதி கொடுத்தார்.

தந்தை மின்பணியாளர். வாரம் முழுவதும் கடுமையாக உழைப்பவர். குடிக்கமாட்டார், சூதாடமாட்டார். அவருக்கு இருந்த ஒரே ஆசை தூண்டில். மீன் என்றால் உணவையும் உறக்கத்தையும் மறந்துவிடுவார். அவர் வீட்டு மேசையில் சிறு பெட்டிகள் அடுக்கியிருக்கும். நூலையும் இறகையும் முள்ளில் சுற்றிக் கொசுவைப் போலவும் ஈயைப் போலவும் அவர் தம் கையாலேயே செய்த இரைகள் அவற்றில் இருக்கும். அந்தக் குடும்பத்தின் எல்லாப் பயணங்களும் ஏதாவது ஒரு தண்ணீர்க் கரையில்தான் முடியும். அடுத்த ஆண்டு மகள் கல்லூரிக்காக வெளியூர் போகிறாள் என்பதால், எல்லாரும் சேர்ந்து போகும் கடைசி நீண்ட பயணம் இது என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் ஆற்றுக்குத்தான்.

ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே ஏறினோம். ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு வளரும் சகுவாரோ கள்ளிகள் பின்னுக்குப் போயின. ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அதைத் தாண்டியதும் மறுபடியும் இறக்கம். மரங்கள் மறைந்து செம்மண்ணும் சாம்பல் மண்ணும் வரிவரியாய்த் தெரிந்தன. அங்கிருந்து நவஹோ பழங்குடி மக்களின் நிலம். சாலையோரத்தில் கைவினை நகைகளும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் விற்றார்கள். பின்புறம் பெரிய தண்ணீர்த் தொட்டி ஏற்றிய பிக்கப் வண்டிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. நவஹோ நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. பல மைல் ஓட்டிப் போய்த்தான் தண்ணீர் பிடித்து வருகிறார்கள். அந்த நிலத்தின் ஓரமாகவே கொலராடோ ஆறு ஓடுகிறது.

வழியில் ஒரு வேடிக்கை நடந்தது. அரிசோனா மாநிலத்தில் கோடைக்காக்க் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நிலத்தில் மாற்றுகிறார்கள். அதனால் அந்த எல்லைக்குள் நுழைந்ததும் எங்கள் கைபேசிகள் ஒரு மணி நேரம் முன்னே குதித்தன. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டோம்!" என்றான். "திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்றார் தந்தை. இந்தக் கடிகார விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் லீஸ் ஃபெரி என்ற இடத்தை அடைந்தோம். கொலராடோ ஆறு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு இடையில் ஓடுகிறது. அந்த நெடுந்தூரத்தில் வண்டியை நேராக ஆற்றங்கரை வரை கொண்டுபோகக்கூடிய மிகச் சில இடங்களில் இது ஒன்று. இதற்குச் சற்றுக் கீழே, ஆற்றிலிருந்து 142 மீட்டர் உயரத்தில் நவஹோ பாலம் இருக்கிறது. 1929-இல் திறக்கப்பட்டது. அதன்மேல் நின்று கீழே பார்த்தபோது ஆறு ஒரு பச்சை நாடாவைப் போலத் தெரிந்தது. இவ்வளவு சிவந்த நாட்டில் இவ்வளவு பச்சையான தண்ணீரா என்று வியந்து நின்றோம்.

அங்கேயிருந்த ஒரு விளக்கப் பலகையைப் பையன் வாசித்துக்கொண்டிருந்தான். அதில் முதுகில் திமில் வைத்த ஒரு மீனின் படம். ஹம்ப்பேக் சப் என்று பெயர்.

"அப்பா, இந்த மீனைப் பிடித்திருக்கிறீர்களா?"

"இல்லை மகனே. அது இங்கே இல்லை. தூரத்தில் கீழே, வேறொரு சிற்றாறு வந்து சேரும் இடத்தில் இருக்கிறது."

"ஏன் இங்கே இல்லை?"

"தண்ணீர் ரொம்பக் குளிர்ந்துவிட்டது."

"யார் குளிரவைத்தது?"

தந்தை சற்று நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "அணை" என்றார்.

அன்பர்களே, அந்தச் சிறுவனின் கேள்விக்கு முழுப் பதில் இதுதான். லீஸ் ஃபெரிக்கு மேலே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்தில் கிளென் கேன்யன் அணை இருக்கிறது. உயரம் 216 மீட்டர். 1963-இல் அதன் மதகுகள் மூடப்பட்டன. பின்னால் தேங்கிய பவல் ஏரி முழுமையாக நிரம்ப 1980 வரை ஆயிற்று. கொலராடோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் செந்நிறமானது என்று பொருள். அணைக்கு முன் அந்த ஆறு சேறும் வண்டலுமாய்ச் சிவந்து ஓடியது. கோடையில் 25 டிகிரிக்கும் மேல் சூடாகும். குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கும். அந்தச் சேற்றுக்கும் சூட்டுக்கும் பழகிய மீன்கள் அங்கே வாழ்ந்தன. ஆள் நீளத்துக்கு வளரக்கூடிய பைக்மின்னோ என்ற மீனும் அவற்றில் ஒன்று.

அணை வந்த பிறகு வண்டல் எல்லாம் ஏரியில் தங்கிவிட்டது. ஏரி நிறைந்திருக்கும்போது மேல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர்தான் மின்னாக்கிகள் வழியே கீழே வரும். பல பத்தாண்டுகள் அந்தத் தண்ணீர் எட்டு முதல் பத்து டிகிரியில் ஓடியது. தெளிந்த, குளிர்ந்த, பச்சை ஆறு. அதில் 1964 முதல் ரெயின்போ டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மீனுக்குப் பூர்வீகம் பசிபிக் கடலோர ஆறுகள். இங்கே அது செழித்தது. தூண்டில்காரர்களுக்கு லீஸ் ஃபெரி பேர்பெற்ற இடமாயிற்று. ஆனால் கிராண்ட் கேன்யன் பகுதியில் முன்பு வாழ்ந்த எட்டு வகைச் சொந்த மீன்களில் மூன்று அங்கிருந்து மறைந்துவிட்டன. பைக்மின்னோவும் அந்த மூன்றில் ஒன்று. ஹம்ப்பேக் சப் அழிவின் விளிம்பு வரை போய், பலருடைய உழைப்பால் ஓரளவு மீண்டிருக்கிறது. அதன் நிலை சற்றுத் தேறியதாக 2021-இல் அரசு பட்டியலை மாற்றியது.

இதைச் சொல்வது அணையைப் பழிப்பதற்காக அல்ல. டிரவுட் மீனைப் பழிப்பதற்காகவும் அல்ல. அந்த மின்சாரத்தில் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரை ஏறக்குறைய நான்கு கோடி மக்கள் நம்பியிருக்கிறார்கள். ஒருவருடைய தெளிந்த ஆற்றுக்கு இன்னொருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

மறுநாள் நடந்ததைச் சொல்கிறோம். மகளுக்கு அந்தப் பயணத்தில் ஒரே ஓர் ஆசை இருந்தது. பேஜ் என்ற ஊருக்கு அருகே ஆன்டிலோப் கேன்யன் இருக்கிறது. வெள்ளம் பாய்ந்து பாய்ந்து மணற்பாறையை அறுத்து உண்டாக்கிய குறுகிய பிளவு அது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பாறைச் சுவர்கள் துணி மடிப்புகள்போல் ஒளிரும். எங்கோ தூரத்தில் பெய்யும் மழைகூட அங்கே திடீர் வெள்ளமாய் வரும். 1997-இல் அப்படி வந்த வெள்ளத்தில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். நவஹோ வழிகாட்டிகளோடு மட்டுமே உள்ளே போகலாம். முன்பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெண் பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு சம்பாதித்த பணத்தில், எங்கள் ஐந்து பேருக்கும் சீட்டு வாங்கியிருந்தாள். நண்பகல் 12 மணிக்கு. லீஸ் ஃபெரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பத்தரைக்குப் புறப்பட்டால் போதும்.

"நான் பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் செல்லம்" என்று தந்தை வாக்குக் கொடுத்தார். விடியுமுன் ஆற்றில் இறங்கினார். அவரோடு சேர்ந்து இறங்கியது யார் தெரியுமா? உங்களுக்கு மறையுரை சொல்லிக்கொண்டிருக்கும் இந்தக் குருவானவர்தான். இரவல் வாங்கிய ரப்பர் கால்சட்டை மார்பு வரை ஏற, நாங்கள் இரண்டு பேரும் குளிர்ந்த தண்ணீரில் நின்றோம். அங்கே செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம். முள்ளின் பின்முனை மழுக்கப்பட்டிருக்க வேண்டும். மீனைக் காயப்படுத்தாமல் விடுவிப்பதற்காக. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், உலர்ந்த கை பட்டால் அதன் உடம்பின் வழவழப்புப் போய்விடும் என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மீனைத் தொடுவதற்கு அவர் எவ்வளவு கவனம் எடுத்தார்!

எட்டு மணிக்கு முதல் மீன். ஒன்பதரைக்கு அடுத்தது. பத்து மணிக்கு வெயில் பாறைச் சுவரில் இறங்கி வந்தது. மீன்கள் மேலெழும்பத் தொடங்கின. "இன்னும் ஒரே ஒரு வீச்சு, ஃபாதர்" என்றார் அவர். நாங்கள் தடுத்தோமா? இல்லை. தூண்டில் வளைந்து துடித்ததைக் கையில் உணர்ந்துவிட்ட பிறகு, "சரி, இன்னும் ஒன்று" என்று நாங்களும் சொன்னோம். எத்தனை முறை சொன்னோம் என்று எங்களுக்கே நினைவில்லை. அணையில் திறக்கப்படும் தண்ணீர் மின்சாரத் தேவைக்கு ஏற்ப ஒரே நாளில் கூடும், குறையும். ஆறு மெல்ல ஏறி, நாங்கள் நின்ற மணல்திட்டை மூடத் தொடங்கியபோதுதான் கரைக்கு வந்தோம். மணி பன்னிரண்டு. அரிசோனா கடிகாரத்தில் பன்னிரண்டு. நவஹோ கடிகாரத்தில் ஒன்று. எந்தக் கடிகாரத்தின்படி பார்த்தாலும் தாமதம்தான்.

அந்தப் பெண் வேனின் படியில் உட்கார்ந்திருந்தாள். காலணி மாட்டி, தலை சீவி, கழுத்தில் கேமராவோடு இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். தந்தை ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். அவள் கோபப்படவில்லை, அழவுமில்லை. கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தபடி, "பரவாயில்லை அப்பா, வழக்கம்தானே" என்றாள்.

அன்பர்களே, "வழக்கம்தானே" என்ற சொல் கத்திச் சண்டை போடுவதைவிடக் கனமானது. சண்டை போடுகிறவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. "வழக்கம்தானே" என்கிறவர் எதிர்பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

அன்று மாலை பாறைகள் சிவந்து அணைந்தன. கரியடுப்பைச் சுற்றி அமைதியாக உட்கார்ந்திருந்தோம். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தந்தை வழக்கம்போல ஆற்றைப் புகழத் தொடங்கினார். உலகத்திலேயே இப்படி ஓர் ஆறு கிடையாது, இவ்வளவு தெளிந்த தண்ணீர் கிடையாது என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த தாய் மெல்லச் சொன்னார்: "என் பாட்டி ஊரிலும் இதே ஆறுதான்."

அவருடைய குடும்பம் மெக்சிகோவிலிருந்து வந்தது. பாட்டியின் ஊர் சான் லூயிஸ் ரியோ கொலராடோ. ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. ஆனால் ஆற்றில் தண்ணீர் இல்லை. கொலராடோ ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் கலிபோர்னியா வளைகுடாவில் கலந்தது. மேலே எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு இப்போது பெரும்பாலும் கடலை எட்டுவதில்லை. 1922-இல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மேசைக்குப் பழங்குடி மக்கள் அழைக்கப்படவில்லை. மெக்சிகோவுக்கு ஒரு பங்கு என்று ஒப்பந்தம் ஆனது 1944-இல்தான். ஆற்றின் முகத்துவாரத்தில் தலைமுறை தலைமுறையாய் மீன்பிடித்து வாழ்ந்த குக்காப்பா மக்களுக்குத் தண்ணீர் போனதோடு வாழ்வும் சுருங்கிப்போயிற்று.

"சின்ன வயதில் பாட்டி ஊருக்குப் போனால் பாலத்துக்குக் கீழே மணல்தான் இருக்கும். அந்த மணலில்தான் விளையாடுவோம்" என்றார் அந்தத் தாய். "2014-இல் இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டு, மார்ச் மாதக் கடைசியிலிருந்து எட்டு வாரம் தண்ணீர் திறந்துவிட்டார்கள். இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இவளுக்கு அப்போது ஏழு வயது. ஊரே ஆற்றுக்குள் இறங்கி நின்றது. பாட்டுப் பாடினார்கள். பெரியவர்கள் தண்ணீரைத் தொட்டு முகத்தில் தடவிக்கொண்டார்கள். அந்த மே மாதம் ஆறு கடலைத் தொட்டது. அன்று எடுத்த படம் பத்து வருடமாக என் கைப்பையில் இருக்கிறது." சற்று நிறுத்திக் கணவரைப் பார்த்தார். "நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

யாரும் பேசவில்லை. மகள் எழுந்துபோய் அம்மாவின் அருகில் உட்கார்ந்துகொண்டாள். தந்தை கையை நீட்டினார். தாய் பையைத் திறந்து படத்தைக் கொடுத்தார். அடுப்பு வெளிச்சத்தில் அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. தம் குடும்பத்தை நேசிக்கிறவர். தாம் நின்ற இடத்தில் ஆறு தெளிவாக ஓடியதால், கீழே அது வற்றிப்போனது அவர் கண்ணில் படவில்லை. ஆற்றில் மட்டுமல்ல, வீட்டிலும் அப்படித்தான். அவருடைய விடியற்காலைகளுக்கெல்லாம் யாரோ தனியாகப் பிள்ளைகளைக் கிளப்பியிருக்கிறார்கள். யாரோ படியில் காத்திருந்திருக்கிறார்கள். விலை கொடுத்தவர்கள் சத்தம் போடவில்லை. அதனால் விலையே இல்லை என்று அவர் நினைத்துவிட்டார். அன்று காலை அவரோடு தண்ணீரில் நின்றிருந்த குருவானவரும் அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் விடியுமுன் வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆற்றுக்குத்தான் போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். சற்று நேரத்தில் கரி புகையும் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால், அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். சோள ரொட்டியைச் சூடுபண்ணினார். முட்டை பொரித்தார். பழக்கமில்லாத கை, முதல் இரண்டு ரொட்டிகள் கருகிப்போயின. தூண்டில் கோல் பையைவிட்டு வெளியே வரவில்லை. முதல் தட்டை மனைவிக்குக் கொடுத்தார். அடுத்ததை மகளிடம் நீட்டியபோது, "நேற்று நீ இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாயே, அப்போது என்ன நினைத்தாய்?" என்று கேட்டார். அவள் உடனே பதில் சொல்லவில்லை. பாதி ரொட்டி தின்ற பிறகுதான் பேசத் தொடங்கினாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

அன்று ஆன்டிலோப் கேன்யனுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. இழந்தது இழந்ததுதான். அதை மாற்ற முடியவில்லை. வருத்தம் தெரிவிப்பதால் எல்லாம் பழையபடி ஆகிவிடாது. அதையும் நாங்கள் அங்கே கற்றுக்கொண்டோம்.

இப்போது திபேரியக் கடலோரத்திற்குத் திரும்புவோம்.

சாவையே வென்று வந்தவர் உயிர்த்த ஆண்டவர். அவர் என்னென்ன செய்திருக்கலாம்! தம்மை விட்டு ஓடிப்போன சீடர்களிடம் கணக்குக் கேட்டிருக்கலாம். மூன்று முறை தம்மை மறுதலித்த பேதுருவிடம் அதைச் சொல்லிக்காட்டியிருக்கலாம். அவரோ கரி பொறுக்கி, நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, குளிரிலும் களைப்பிலும் வந்தவர்களைக் காலை உணவுக்குக் கூப்பிடுகிறார். ஒரு தாய் செய்யும் வேலையை உயிர்த்த ஆண்டவர் செய்கிறார்.

பேதுரு தம் ஆண்டவரை மறுதலித்ததும் ஒரு கரி நெருப்பின் அருகில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோதுதான் என்று அதே யோவான் எழுதுகிறார். அன்று பேதுரு தம் குளிரை மட்டும் நினைத்தார். உள்ளே இயேசு விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது இயேசு மூட்டிய நெருப்பு, பேதுருவுக்காக.

முதலில் உணவு, பிறகுதான் கேள்வி. சாப்பிட்டு முடித்த பிறகு, தம்மீது அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். மூன்று முறையும் தம் ஆடுகளைப் பேணி வளர்க்கும் பொறுப்பைக் கொடுக்கிறார். சற்றுமுன் 153 மீன்களைப் பிடித்தவரிடம், இனி எத்தனை பிடிப்பாய் என்று ஆண்டவர் கேட்கவில்லை. பிடிக்கத் தெரிந்தவரை ஊட்டத் தெரிந்தவராக மாற்றுகிறார். பேதுருவின் மனமாற்றம் அந்தக் காலை உணவில் தொடங்கியது.

அன்பர்களே, மீன் பிடிப்பது பாவம் அல்ல. உழைத்துக் களைத்தவனுக்கு ஒரு மகிழ்ச்சி வேண்டும். அது கடவுள் தரும் கொடை. பிடித்த மீன்களையும் கொண்டுவரச் சொன்னவர்தான் இயேசு. அவர்களுடைய உழைப்பை அவர் ஒதுக்கிவைக்கவில்லை. ஆனால் நம் மகிழ்ச்சிக்கு நம்மைச் சுற்றி யார் விலை கொடுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து.

நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூண்டில் இருக்கிறது. சிலருக்குக் கைபேசி. சிலருக்குக் கிரிக்கெட். சிலருக்கு வியாபாரம், "இன்னும் ஒரே ஓர் ஆர்டர்." சிலருக்கு நண்பர்கள். கோவில் காரியங்களும் தூண்டில் ஆகலாம். பங்குப் பேரவை, அன்பியம், பாடகர் குழு என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, நம் வீட்டுப் படியில் யாராவது காலணி மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை நாம் அமைதியாகத் திருப்பலியில் உட்கார்ந்திருக்க, நமக்காக அடுக்களையில் நின்று திருப்பலியையே தவறவிடுகிறவர் யார்? குருக்களாகிய நாங்களும் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்: மக்களைப் பிடிப்பதில் காட்டும் ஆர்வத்தை அவர்களைப் பேணுவதில் காட்டுகிறோமா?

அதேபோல நாம் திறக்கும் குழாய், போடும் மின்விசிறி, வாங்கும் பொருள் இவற்றின் கீழ்க்கரையில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்போம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் சேர்த்தே கேட்கும்படி நம்மை அழைத்தார். சேர்த்துக் கேட்கத் தொடங்க வீட்டைவிட நல்ல இடம் இல்லை.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்வோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வழக்கமாக நமக்குப் பரிமாறுகிறவர் எழுவதற்கு முன் நாம் எழுந்து அடுப்பை மூட்டுவோம். ரொட்டி கருகினாலும் பரவாயில்லை. அவரை உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்து, "நீ இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம். அவர் கேட்காமலே பல ஆண்டுகள் காத்திருந்தவர்.

கடைசியாக ஒரு செய்தி. கடந்த பிப்ரவரி மாதம் அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு படம் வந்தது. பெரிய பாலம் ஒன்று. அதன்கீழே பரந்த மணல், அங்கங்கே காய்ந்த புதர்கள். மணலில் நான்கு பேரும் நிற்கிறார்கள். இடம் சான் லூயிஸ் ரியோ கொலராடோ. தந்தை முதன்முறையாகத் தம் மனைவியின் பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஆற்றில் நிற்கிறார். அவர் கையில் தூண்டில் இல்லை. மனைவியின் கைப்பை இருக்கிறது.

செபிப்போம். கரையில் எங்களுக்காக நெருப்பு மூட்டிய ஆண்டவரே, எங்கள் மகிழ்ச்சிகளுக்காக உமக்கு நன்றி. அவற்றுக்காகச் சத்தமில்லாமல் விலை கொடுக்கிறவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். பிடிக்க மட்டும் தெரிந்த எங்கள் கைகளுக்குப் பரிமாறவும் கற்றுத்தாரும். ஆமென்.